துருப்பிடித்து ஒட்டிக்கொண்ட இஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரிப்பது எப்படி?

பல வருஷம் ஓடாமல் நின்ற வண்டி என்றால் எல்லோருக்கும் முதலில் கை போவது கடப்பாரைக்குத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். போல்ட் எல்லாம் கழற்றியாகிவிட்டது என்று நம்பி ஒரு மதியம் முழுக்க நெம்பினேன். சாயங்காலம் 'டப்' என்று ஒரு சத்தம். பிரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக் குனிந்து பார்த்தால், பெல் ஹவுசிங்கின் (கிளட்ச்சை மூடி இஞ்சினோடு சேரும், கியர்பாக்ஸின் மணி வடிவ முன்கூடு) ஒரு காது, அதாவது போல்ட் போகும் நீட்டம், மட்டும் உடைந்து இஞ்சினோடு நிற்கிறது. அதன் நடுவில், மண்ணும் கிரீஸும் மூடிய நிலையில், நான் கழற்றாத ஒரு போல்ட்.

இஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்துப் பிடித்திருப்பவை மூன்று: சுற்றிவர இருக்கும் போல்ட்டுகள், இரண்டு டோவல் பின்கள், கிளட்ச் பிளேட்டுக்குள் நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்ட்டின் (கியர்பாக்ஸிலிருந்து முன்னால் நீளும் தண்டு) பற்கள். எது பிடித்திருக்கிறது என்று தெரியும்வரை பலம் போடாதீர்கள்.

இங்கே சொல்வது பின்சக்கரம் இழுக்கும் மேனுவல் கியர் வண்டிக்கு. துரு ஏறிய கேஸில் இரண்டையும் ஒன்றாகவே வெளியே தூக்கித் தரையில் வைத்துப் பிரிப்பது நல்லது. நாலு பக்கமும் கை போகும், வண்டிக்கு அடியில் படுத்து நெம்பும் ஆபத்தும் இல்லை. இஞ்சினை மரக்கட்டைகள் மேல் ஆடாமல் உட்கார வையுங்கள். கியர்பாக்ஸை ஹாய்ஸ்ட்டில் தொங்கவிடுங்கள், அல்லது அடியில் ஜாக்கி கொடுங்கள்.

முதல் வேலை: சுத்தம், எண்ணிக்கை

மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு இரண்டும் சேரும் விளிம்பை ஒரு சுற்று முழுவதும் தேய்த்துவிடுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எனக்கு அந்தக் காது போனது இதைச் செய்யாததால்தான். சில போல்ட்டுகளுக்குத் தலை கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும், சிலவற்றுக்கு இஞ்சின் பக்கம். செல்ஃப் மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டே பல வண்டிகளில் பெல் ஹவுசிங்கையும் பிடித்திருக்கும். அடியில் இருக்கும் தகட்டு மூடிக்கும் தனியாகச் சின்ன போல்ட்டுகள் உண்டு. ஒரு அட்டையில் வட்டம் வரைந்து, கழற்றும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் ஒன்றுபோல் இருக்காது.

போல்ட்டுகளைக் கழற்றுவது

முந்தின ராத்திரியே துரு இளக்கும் எண்ணெயை அடித்து விடுங்கள், காலையில் இன்னொரு முறை. ஆறு பட்டை சாக்கெட்தான் வேண்டும். பன்னிரண்டு பட்டை சாக்கெட் துருப்பிடித்த தலையின் முனைகளை வழித்துவிடும். முதலில் கழற்றும் பக்கம் திருப்பாமல், இறுக்கும் பக்கம் ஒரு இம்மி திருப்பிப் பாருங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டு, மரையோரம் காவி நிறத் தூள் உதிர்ந்தால் துருவின் பிடி விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் கால் சுற்று கழற்றி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி கழற்றி என்று முன்னும் பின்னுமாகக் கொண்டு வாருங்கள்.

ஸ்பேனர் நகர்கிறது, ஆனால் ரப்பரைத் திருகுவது போல இருக்கிறதா? போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடையப் போகிறது. அங்கேயே நிறுத்தி எண்ணெய் விட்டு, நாளைக்குப் பாருங்கள். அப்படியும் தலை உடைந்தால் பதற வேண்டாம். ஹவுசிங் விலகிய பிறகு மீதித் தண்டு பெரும்பாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்துத் திருக இடம் கிடைக்கும்.

டோவல் பின்

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் அசையவில்லை என்றால் காரணம் அநேகமாக இதுதான். இரண்டும் நேராகச் சேர்வதற்காக எதிரெதிரே வைத்த இரும்புப் பின்கள் இவை. பெல் ஹவுசிங் பெரும்பாலும் அலுமினியம். இரும்பும் அலுமினியமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அரிப்பு ஏறும், அந்தக் கழிவு இடுக்கெல்லாம் உப்பி பின்னை நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே சூடு உதவும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், பின்னைச் சுற்றியுள்ள ஹவுசிங்கைச் சூடாக்கினால் ஓட்டை தளரும். தண்ணீர் சொட்டு பட்டதும் 'சுர்' என்று ஆவியாகும் அளவு போதும். அதற்கு முன் எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள், பெட்ரோல் பக்கத்திலேயே இருக்கக் கூடாது.

சூடு இருக்கும்போதே, பின் இருக்கும் இடத்தைச் சுற்றி மரச் சுத்தியலால் தட்டி, ஆப்பை மெதுவாக இறக்குங்கள். இரண்டு முகங்களும் சேரும் வழவழப்பான பரப்பில் உளியை வைக்காதீர்கள். நெம்புவதற்கென்று சில வண்டிகளில் வார்ப்பிலேயே காதோரம் பள்ளம் இருக்கும். நடுவில் மெல்லிய தகடு ஒன்று இருந்தால் அது இஞ்சினோடு நிற்கட்டும், ஆப்பு தகட்டுக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் போக வேண்டும்.

ஒரே பக்கம் அடித்துக்கொண்டே போனால் பின் சாய்ந்து இன்னும் இறுகும். இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர். நான் 3 மி.மீ. டிரில் பிட்டின் தண்டை இடைவெளியில் சுற்றிச் சுற்றி நுழைத்துப் பார்ப்பேன். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நுழைந்தால்தான் அடுத்த அடி.

விரல் நுழைகிறது, ஆனாலும் வரவில்லை

இழுத்தால் வருகிறது, விட்டால் ஸ்பிரிங் போலத் திரும்பிப் போகிறது. அப்படியானால் கிளட்ச் பிளேட் ஷாஃப்ட்டின் பற்களில் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. ஃபோர்க் (கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோல்) இருக்கும் ஓட்டை வழியாக எண்ணெய் விட்டு, டாப் கியரில் போட்டு, கியர்பாக்ஸின் பின்னால் உள்ள ஃபிளேஞ்சை (புரொப்பெல்லர் ஷாஃப்ட் மாட்டும் வட்டு) இரண்டு பக்கமும் ஆட்டிக் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால், பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் மூடி) ஃபிளைவீலில் (இஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) பிடித்திருக்கும் போல்ட்டுகளை அந்த இடைவெளி வழியாகவோ அடிப்பக்கத் திறப்பு வழியாகவோ ஒவ்வொன்றாகக் கழற்றலாம். எல்லாப் போல்ட்டுக்கும் கை எட்ட கிராங்க் (ஃபிளைவீலைச் சுழற்றும் இஞ்சினின் தண்டு) சுற்ற வேண்டும், இஞ்சினே இறுகிக் கிடந்தால் இந்த வழி கஷ்டம். சுற்றினால் கிளட்ச் முழுவதும் கியர்பாக்ஸோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பொறுமை போனவர்களுக்குக் கடவுள் கொடுத்த வழி இது.

எந்த நிலையிலும் கியர்பாக்ஸின் எடை ஷாஃப்ட்டின் மேல் தொங்கக் கூடாது, கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பழைய வண்டியின் கிளட்ச் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பிரித்த பிறகு அந்த இரண்டு பின்களையும் எமரி பேப்பரால் பளபளக்கத் தேய்த்து, திரும்ப மாட்டும்போது காப்பர் கிரீஸை மெல்லிசாகத் தடவி விடுங்கள்.