ஷோரூமில் கார் வாங்கும்போது விலையைக் கணக்கிட்டுப் பேசும் முறை

தமிழ்நாட்டில் ஒரு கார் ஷோரூமுக்குப் போய் மாடலையும் வேரியண்டையும் சொன்னவுடன் தரப்படும் கொட்டேஷனில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தாலும், பெரும்பாலானோரின் கண் கடைசி வரியில் உள்ள, வரியும் இன்சூரன்ஸும் எல்லாம் சேர்ந்த ஆன்-ரோடு விலையில்தான் போய் நிற்கிறது, “இதில் எவ்வளவு குறைப்பீர்கள்?” என்ற பேச்சும் அங்கிருந்தே தொடங்கிவிடுகிறது. அந்தத் தொகையில் யார் பேசினாலும் குறையாத பகுதி எது, அறவே நீக்கச் சொல்லக்கூடியது எது, உண்மையில் பேரத்துக்கு உரியது எது என்று பிரித்துப் பார்க்காதவருக்கு, கிடைத்த தள்ளுபடி நியாயமானதா என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை.

குறையாத பகுதி அரசுக்குப் போவது. பதிவும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது, 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு மிகாத நீளமும் பெட்ரோலில் 1200 சிசி, டீசலில் 1500 சிசிக்கு மிகாத எஞ்சினும் கொண்ட சிறிய கார்களுக்கு அது 18 சதவீதம், பெரியவற்றுக்கு 40 சதவீதம். ஆகவே அந்தத் தேதிக்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசுவதில் பயனில்லை. அதற்கு மேல் மாநில அரசின் ஆயுட்கால வரி வருகிறது. 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி, விலை 5 லட்சம் வரை 12 சதவீதமும், 10 லட்சம் வரை 13 சதவீதமும், 20 லட்சம் வரை 18 சதவீதமும், அதற்கு மேல் 20 சதவீதமும் கட்ட வேண்டும். இந்த விகிதம் முழு விலைக்கும் பொருந்துவதால், 9,95,000 ரூபாய் காருக்கு 1,29,350 ரூபாயாக இருக்கும் வரி, 10,10,000 ரூபாய் காருக்கு 1,81,800 ரூபாயாகிவிடுகிறது. விலையில் 15,000 ரூபாய் வித்தியாசம், வரியிலோ 52,450 ரூபாய் வித்தியாசம். பத்து லட்சத்தை ஒட்டி நிற்கும் வேரியண்டை விரும்புவோர், சன்ரூஃபுக்காகவோ பெரிய தொடுதிரைக்காகவோ ஒரு படி மேலே போகுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது, மணிக்கணக்கில் பேரம் பேசுவதைவிட அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். பத்து லட்சத்தைத் தாண்டினால், விற்பவரே வசூலித்து அரசுக்குச் செலுத்தும் டி.சி.எஸ். என்ற முன்வரியாக ஒரு சதவீதமும் சேரும். அது வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறக்கூடியது என்பதால், இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடும்போது அதைச் செலவாகக் கருத வேண்டியதில்லை.

‘ரிஜிஸ்ட்ரேஷன் மற்றும் இதரச் செலவுகள்’ என்று ஒரே வரியில் பெருந்தொகை எழுதியிருந்தால், அதைப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டும். சொந்த உபயோகக் காருக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவுக் கட்டணம் 600 ரூபாய், ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய், கடனில் வாங்கினால் ஹைப்போதிகேஷன் (கார் கடனுக்கு ஈடாக உள்ளது என்று ஆர்.சி.யில் எழுதும்) குறிப்புக்கு 1,500 ரூபாய் மட்டுமே. ஆயுட்கால வரியும் வேறு அரசுக் கட்டணங்களும் போக மிஞ்சி நிற்பது டீலரின் சேவைக் கட்டணம். ஹேண்ட்லிங் சார்ஜ், லாஜிஸ்டிக்ஸ் என்ற பெயர்களில் வருவதையும், கேட்காமலே சேர்த்துவிடும் டெஃப்ளான் கோட்டிங், ‘பேசிக் கிட்’ போன்றவற்றையும் குறைக்கச் சொல்வதைவிட நீக்கச் சொல்வதே சரி. சீட் கவர், மேட் முதலியவை சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடையிலோ கிடைக்கும் விலையைத் தெரிந்து வைத்துக்கொண்டால், ‘முப்பதாயிரம் ரூபாய் அக்சஸரீஸ் இலவசம்’ என்ற சலுகையின் உண்மையான மதிப்பு விளங்கிவிடும். இலவசப் பொருளைவிடப் பில்லில் குறையும் பணமே மேல் என்பது என் கருத்து.

டீலர் நன்றாக லாபம் பார்க்கும் இடம் இன்சூரன்ஸ். 2018 செப்டம்பர் முதல் புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். அதன் பிரீமியம் அரசு நிர்ணயிப்பது என்பதால் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வித்தியாசமெல்லாம் சொந்தச் சேதக் காப்பீட்டிலும், ஜீரோ டெப் (உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தருவது), எஞ்சின் பாதுகாப்பு போன்ற கூடுதல் கவர்களிலும் இருக்கிறது. டீலர் தரும் பாலிசியில் உள்ள அதே ஐ.டி.வி. (காருக்குக் காப்பீட்டில் குறிக்கப்படும் மதிப்பு), அதே கவர்களைக் கொண்டு வேறு இரண்டு நிறுவனங்களிடம் விலை வாங்கிக் காட்டினால், பெரும்பாலும் அங்கேயே தொகை இறங்கும். இறங்காவிட்டால் வெளியில் எடுத்துக்கொள்ளலாம். தம்மிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்த முடியாது. பழைய காரின் பெயரில் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) இருந்தால், அது காருக்கன்றி உரிமையாளருக்கு உரியது என்பதை நினைவில் வைத்து, அந்தக் காரை விற்றதும் அதற்கான கடிதத்தைப் பெற்றுப் புதிய பாலிசியில் கழித்துக்கொள்ள வேண்டும்.

இனி நேரடித் தள்ளுபடி. இதில் கம்பெனி தருவது ஒன்று, டீலர் தம் கமிஷனிலிருந்து விடுவது மற்றொன்று. கன்ஸ்யூமர் ஆஃபர், எக்ஸ்சேஞ்ச் போனஸ், கார்ப்பரேட் ஆஃபர் ஆகியவை பெரும்பாலும் கம்பெனியின் மாதாந்தரத் திட்டங்கள், அவற்றுள் உங்களுக்குப் பொருந்துவன எல்லாம் கொட்டேஷனில் வந்துவிட்டனவா என்று பார்த்த பிறகே, “உங்கள் பங்குக்கு எவ்வளவு?” என்று கேட்க வேண்டும். காத்திருப்போர் பட்டியல் உள்ள புதிய மாடலுக்கு இந்தக் கேள்வியால் பெரிய பயன் இராது. யார்டில் தேங்கி நிற்கும் வண்டிக்கு நிறையவே உண்டு. பலர் வண்டி எடுக்கத் தயங்கும் ஆடி மாதமும், ஆண்டிறுதி ஸ்டாக்கை முடிக்க வேண்டிய நெருக்கடியோடு சேர்ந்து வரும் மார்கழியும் வாங்குவோருக்குச் சாதகமான காலங்கள்; ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் அதே விலையை எதிர்பார்க்க முடியாது. சகுனம் பார்ப்பவர்கள்கூட மார்கழியில் விலையைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொண்டு, தை பிறந்ததும் டெலிவரி எடுக்கலாம்; ஜனவரி விலையேற்றம் தமக்குப் பொருந்தாது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதி வாங்க வேண்டும்.

பழைய காரையும் கடனையும் இந்தப் பேச்சோடு கலக்கக் கூடாது. எக்ஸ்சேஞ்சில் கூடுதலாகத் தருவதுபோல் காட்டி, புதிய காரின் தள்ளுபடியில் அதைச் சரிக்கட்டிவிடுவது வழக்கமான கணக்கு. ஆகையால் பழைய வண்டிக்கு வெளியில் விலை கேட்டு வைத்திருக்க வேண்டும். கடனில் ‘ஃபிளாட் 5 சதவீதம்’, அதாவது தவணை கட்டக் கட்டக் குறையாமல் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் வட்டி, என்று கேட்டு மயங்குவோர் பலர். 8 லட்சம் ரூபாயை 5 ஆண்டுகளுக்கு ஃபிளாட் 5 சதவீதத்தில் வாங்கினால் மொத்த வட்டி 2,00,000 ரூபாய். அதே கடனுக்கு, குறையும் நிலுவையின்மீது 9 சதவீதம் கேட்கும் வங்கிக்குக் கட்டுவது ஏறத்தாழ 1,96,400 ரூபாய்தான்.

ஒரே கம்பெனியின் இரண்டு டீலர்களிடம், ஒரே வேரியண்ட், ஒரே நிறத்துக்குக் கொட்டேஷன் வாங்கி வரிக்கு வரி ஒப்பிட்ட பின், மாதக் கடைசியில் போய், “இந்தத் தொகைக்குத் தந்தால் இன்றே புக் செய்கிறேன்” என்று ஒரே எண்ணைச் சொல்வது நல்லது. எதிரில் இருக்கும் விற்பனைப் பணியாளருக்கு ஓரளவுக்கு மேல் குறைக்க அதிகாரம் இருக்காது. அவரிடம் கடிந்து பேசாமல், மேனேஜரிடம் கேட்டு வரச் சொன்னால் போதும். ஒப்புக்கொண்ட தொகையை முத்திரையோடு எழுதி வாங்கி, புக்கிங் பணத்தை டீலர் நிறுவனத்தின் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன், ஒதுக்கப்பட்ட வண்டியை யார்டிலேயே பார்த்து, அது எந்த மாதம் தயாரானது என்பதைச் சரிபார்க்க வேண்டும். பல நிறுவனங்களின் கார்களில் சேசிஸ் எண்ணின் பத்தாவது எழுத்து ‘ஆர்’ என்றால் 2024, ‘எஸ்’ என்றால் 2025. முந்தைய ஆண்டின் வண்டி என்று தெரிந்தால் எடுக்கக் கூடாது என்பதில்லை. மறுவிற்பனையில் அந்த ஓராண்டு கணக்கில் வரும் என்பதால், அதற்கான தள்ளுபடியை மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும்.