பாதி வாடகை பேனல், பாதி ஆசாரி வேலை: முதல் தடவை எக்ஸ்போல ஸ்டால் போடுறவங்களுக்கு

வியாசர்பாடில எங்க பட்டறை. ரப்பர் கேஸ்கெட், ஓ ரிங், ஆயில் சீல் இதெல்லாம் போடுறோம். நந்தம்பாக்கம் டிரேட் சென்டர்ல ஸ்டால் போட ஆரம்பிச்சதுல இருந்து, நம்ம ஏரியால பட்டறை வெச்சிருக்கவங்க என்கிட்ட வந்து கேக்குறது ஒரே கேள்வி தான். "ஆர்கனைசர் குடுக்குற ஸ்டாலையே அப்படியே எடுத்துக்கலாமா, இல்ல ஆள வெச்சு தனியா கட்டிக்கலாமா?" ரெண்டும் வேணாம், ரெண்டையும் கலந்து பண்ணுங்கன்னு தான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்கேன், அதை எப்படி பண்றதுன்னு இங்க முழுசா எழுதிடுறேன்.

மொதல்ல ரெண்டு வார்த்தை தெரிஞ்சிக்கோங்க. மாடுலர்னா கழட்டி மாட்டுற சட்டம். அலுமினிய கம்பம், நடுவுல வெள்ளை பேனல், எல்லா எக்ஸ்போலயும் பாத்திருப்பீங்க. நம்ம ஊர்ல யார கேட்டாலும் அதுக்கு ஆக்டோனார்ம்னு தான் சொல்வாங்க, அது ஒரு ஜெர்மன் கம்பெனியோட பேரு, அந்த கம்பத்துல எட்டு பக்கமும் காடி இருக்கும், குறுக்கு பீமை அதுல சொருகி ஆலன் கீ போட்டு ஒரு திருகு திருகுனா பூட்டிக்கும், அவ்ளோ தான் வேலை. கஸ்டம்னா உங்களுக்குன்னு ஆசாரி வெச்சு பிளைவுட்ல, இல்ல மண்ணடில ஸ்கொயர் பைப் வாங்கி வெல்டிங் போட்டு செய்யுறது.

படி 1: என்ன குடுக்குறாங்கன்னு பாருங்க

ஸ்பேஸ் ரெண்டு விதமா விப்பாங்க. ஷெல் ஸ்கீம் எடுத்தா சுவர் பேனல், கார்ப்பெட், மேல பேரு எழுதுன ஃபேஷியா பட்டை, ஒரு டேபிள், ரெண்டு சேர், ரெண்டு மூணு ஸ்பாட் லைட், ஒரு 5 ஆம்ப் பிளக் பாயிண்ட், இவ்ளோ வரும் (ஒவ்வொரு ஷோக்கும் கொஞ்சம் மாறும், ஆர்கனைசர் குடுக்குற மேனுவல் புக்ல லிஸ்ட் இருக்கும்). ரா ஸ்பேஸ் எடுத்தா வெறும் தரை தான், மத்தது எல்லாம் உங்க பொறுப்பு, டிராயிங் குடுத்து அப்ரூவல் வேற வாங்கணும். பெரும்பாலும் சின்ன அளவுல ரா ஸ்பேஸ் தரவும் மாட்டாங்க.

முதல் தடவைன்னா 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஷெல் ஸ்கீம் எடுங்க. 9 சதுர மீட்டர், நம்ம கணக்குல சுமார் 97 சதுர அடி. முடிஞ்சா கார்னர் கேளுங்க, கொஞ்சம் காசு கூட வாங்குவாங்க, ஆனா ரெண்டு பக்கம் தொறந்திருக்கும், கஸ்டம் பீஸ் ஒண்ணே ஒண்ணு வெச்சாலும் ரெண்டு வழில வர்றவங்களுக்கும் தெரியும்.

படி 2: பட்டறை தரைல சாக்பீஸ் கோடு போடுங்க

டிசைனர்கிட்ட போறதுக்கு முன்னாடி இதை பண்ணுங்க. தரைல 3 மீட்டர் சதுரம் போட்டு அதுக்குள்ள ஒரு டேபிள், ரெண்டு சேர் வெச்சு, நீங்க ஒரு ஆளு, உங்க ஆளு ஒருத்தர், வாங்க வந்தவங்க மாதிரி ரெண்டு பேர்னு நாலு பேர் உள்ள நின்னு பாருங்க. அப்ப தான் தெரியும் இடம் எவ்ளோ கம்மின்னு. கம்ப்யூட்டர்ல வரைஞ்ச 3டி படத்துல எல்லா ஸ்டாலும் கல்யாண மண்டபம் மாதிரி தான் தெரியும், அதை பாத்து முடிவு பண்ணாதீங்க. அந்த கோட்டுக்குள்ள நிக்கும்போதே உங்ககிட்ட வர்றவங்க என்ன பண்ணுவாங்கன்னு யோசிங்க. பொருளை கைல எடுத்து பாப்பாங்களா, மிஷின் ஓடுறத பாப்பாங்களா, உக்காந்து டிராயிங் விரிச்சு பேசுவாங்களா? அடுத்த படிக்கு இந்த பதில் தான் வேணும்.

படி 3: எது வாடகை, எது ஆசாரி

இது தான் முக்கியமான இடம், பொறுமையா படிங்க.

நான் வெச்சிருக்க கணக்கு இது: வந்தவங்க கை படுற இடம் ஆசாரி வேலையா இருக்கணும், கண்ணு மட்டும் படுற இடம் வாடகை பேனலா இருந்தா போதும். பின் சுவரை யாரும் தொட்டு பாக்க மாட்டாங்க, அது மேல நல்ல பிரிண்ட் ஒண்ணு ஒட்டுனா கீழ ஆக்டோனார்ம் பேனல் இருக்கா பிளைவுட் இருக்கான்னு யாருக்கும் தெரியப்போறது இல்ல. ஆனா கவுண்டர் அப்படி இல்ல. அது மேல கைய ஊணுவாங்க, பைய வெப்பாங்க, சாம்பிளை எடுத்து நசுக்கி பாப்பாங்க, விசிட்டிங் கார்டு எழுதி குடுப்பாங்க, வாடகை டேபிள் அந்த நேரத்துல ஆடுச்சுன்னா உங்க பொருள் மேலயே ஒரு சந்தேகம் வந்துடும்.

எங்க கதையவே சொல்றேன். எங்க சரக்கு பூரா கருப்பு. ஷெல் ஸ்கீம் மட்டும் எடுத்தப்ப ஆர்கனைசர் டேபிள் மேல கருப்பு ஓ ரிங்கை பரப்பி வெச்சோம், நாலு அடி தள்ளி இருந்து பாத்தா ஒண்ணும் தெரியல, எதோ வாஷர் கடைன்னு நெனச்சு நகந்துட்டாங்க. அடுத்த தடவை கவுண்டரை மட்டும் ஆசாரிகிட்ட செய்ய சொன்னோம். மேல வெள்ளை மைக்கா, சின்ன சின்ன குழி குடைஞ்சு ஒவ்வொரு குழிலயும் ஒரு சைஸ், கீழ இழுக்குற டிராயர்ல மெட்டீரியல் வாரியா சாம்பிள், நைட்ரைல் ரப்பர் ஒரு டிராயர், விட்டான் ரப்பர் ஒண்ணு, சிலிக்கான் ரப்பர் ஒண்ணு. சுவரெல்லாம் அதே வாடகை பேனல் தான். ஆனா ஆளுங்க நின்னாங்க, டிராயரை அவங்களே இழுத்து பாத்தாங்க, "இது எத்தினி டிகிரி தாங்கும்"னு கேட்டாங்க. அங்க இருந்து தான் பேச்சே ஆரம்பிக்கும்.

உங்க தொழிலுக்கு இது மாறும். மசாலா, ஊறுகாய் போடுறவங்களுக்கு ருசி பாக்குற மேடை கஸ்டம். பெரியமேட்டுல லெதர் பை தைக்கிறவங்களுக்கு பை தொங்குற ரேக் கஸ்டம். கொளத்தூர்ல மீன் தொட்டி பண்றவங்களுக்கு தொட்டிய தாங்குற ஸ்டாண்ட், ஏன்னா தண்ணி ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, 200 லிட்டர் தொட்டி வெச்சா தண்ணி மட்டுமே 200 கிலோ, அதை வாடகை டேபிள் மேல ஏத்தவே ஏத்தாதீங்க.

கஸ்டம் பீஸ் ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு. அதுக்கு மேல போனா 9 சதுர மீட்டர்ல நடக்க வழி இருக்காது.

படி 4: அளவு

நிறைய பேருக்கு இங்க தான் அடி விழும். ஸ்டால் 3 மீட்டர்னு பேப்பர்ல இருக்கும், உள்ள அளந்தா 3 மீட்டர் இருக்காது. கம்பத்தோட தடிமன் ரெண்டு பக்கமும் தின்னுடும், அஞ்சாறு சென்டிமீட்டர் கம்மியா தான் கிடைக்கும். எங்க முதல் கவுண்டரை சுவருக்கு சுவர் சரியா 3 மீட்டர்னு செய்ய சொல்லிட்டேன். ஹால்ல கொண்டு போய் வெச்சா உள்ள போகல. ராத்திரி எட்டு மணி, ஆசாரி என்ன பாத்து, "இன்னா தம்பி, நேர்ல அளந்து பாத்தியா இல்லியா"ன்னு கேட்டாரு, நான் மேனுவல் முதல் பக்கத்தை மட்டும் பாத்திருந்தேன். ஒரு ஓரத்தை அறுத்து, மைக்கா விட்டுப்போன இடத்துல டேப் ஒட்டி தான் மூணு நாளும் ஓட்டுனோம்.

அதனால கஸ்டம் பீஸ் எதுவா இருந்தாலும் சுவருக்கு சுவர் வர்ற மாதிரி பண்ணாதீங்க, தனியா நிக்கிற மாதிரி பண்ணுங்க, ரெண்டு பக்கமும் குறைஞ்சது பத்து பத்து சென்டிமீட்டர் விடுங்க. எங்களோடது இப்ப 1.2 மீட்டர், பிளைவுட் ஷீட் 8க்கு 4 அடில வருது, அந்த நாலடி அகலமே கிட்டத்தட்ட 1.2 மீட்டர் தான், வேஸ்டும் கம்மி.

பிரிண்டுக்கும் இதே கதை தான். பேனல் ஒரு மீட்டர்னு சொன்னாலும் ரெண்டு கம்பத்துக்கு நடுவுல கண்ணுக்கு தெரியுறது 95 சென்டிமீட்டர் கிட்ட தான் வரும். உயரம் மொத்தம் 2.5 மீட்டர், மேலயும் கீழயும் பீம் போக மிச்சம் தான் உங்களுக்கு. பேனல் மாட்டுற கான்ட்ராக்டர்கிட்ட, கண்ணுக்கு தெரியுற அளவு எவ்ளோன்னு கேட்டு வாங்கி அதை டிசைனருக்கு குடுங்க. எழுத்து எதுவும் கம்பம் வர்ற இடத்துல விழக்கூடாது, ஃபோன் நம்பர் நடுவுல கம்பம் வந்த ஸ்டாலை நான் பாத்திருக்கேன், பாவம், மூணு நாளும் ஒருத்தர் அதை வாயால சொல்லிக்கினே இருந்தாரு.

இன்னொண்ணு, வாடகை பேனல்ல ஆணி அடிக்கக்கூடாது, ஸ்க்ரூ போடக்கூடாது, பெயிண்ட் அடிக்கக்கூடாது. டேமேஜுக்கு காசு கேப்பாங்க. டபுள் சைட் டேப், இல்ல மேல பீம்ல கொக்கி மாட்டி செயின் தொங்கவிடுறது, இது ரெண்டு தான் வழி. கனமான எதையும் சுவருக்கு யோசிக்காதீங்க.

திரும்ப திரும்ப எக்ஸ்போ போறதா இருந்தா வினைல் ஸ்டிக்கருக்கு பதிலா துணி பிரிண்ட் எடுங்க. ஓரத்துல சிலிக்கான் பட்டை வெச்சு தெச்சிருப்பாங்க, அலுமினிய ஃப்ரேம் காடில அழுத்துனா இழுத்து நின்னுக்கும், முடிஞ்சதும் மடிச்சு பைல போட்டுக்கலாம். மொதல்ல செலவு கூட, ஆனா ஸ்டிக்கர் ஒரு தடவைக்கு மேல வராது.

படி 5: குட்டி யானைல ஏறுமா?

வடசென்னைல இருந்து நந்தம்பாக்கம் சுமார் 20 கிலோமீட்டர், பெரிய லாரிக்கு பகல்ல சிட்டிக்குள்ள நேரக் கட்டுப்பாடு இருக்கு, அதனால உங்க கஸ்டம் பீஸ் டாட்டா ஏஸ்ல ஏறணும்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிடுங்க. அதோட பாடி நீளம் ஏழடி சொச்சம், அகலம் அஞ்சடிக்கு கொஞ்சம் உள்ள. கவுண்டரை மூணு நாலு துண்டா கழட்டுற மாதிரி செய்ய சொல்லுங்க, ஒவ்வொரு துண்டும் ரெண்டு பேர் தூக்குற எடைல இருக்கணும். 18 எம்எம் பிளைவுட் முழு ஷீட்டே 30 கிலோ கிட்ட வரும், மறந்துடாதீங்க.

மூட்டுல மர ஸ்க்ரூ போட விடாதீங்க. ஒரே ஓட்டைல மூணு தடவை கழட்டி மாட்டுனா மரம் பிடி விட்டுடும். மரத்துக்குள்ள இன்சர்ட் நட் பதிச்சு போல்ட் போட சொல்லுங்க, பத்து எக்ஸ்போ கழட்டுனாலும் ஆடாது. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்தி செஞ்ச பலகை) விலை கம்மின்னு சொல்வாங்க, தண்ணி பட்டா ஊறி உப்பிடும், நம்ம ஊரு டிசம்பர் மழைல தார்ப்பாய் விலகுனா முடிஞ்சுது. பிளைவுட்டே போடுங்க.

படி 6: கரண்டு, லைட்டு

5 ஆம்ப் பிளக்னா 230 வோல்ட்ல சுமார் 1150 வாட். லேப்டாப், டிவி, எல்இடி லைட்டுக்கு தாராளம். மோட்டாரோ ஹீட்டரோ ஓட்டணும்னா முன்கூட்டியே கிலோவாட் கணக்குல எழுதி குடுத்துடணும், கடைசி நாள் கேட்டா ரேட் ஏறும். கவுண்டருக்கு மேல வெள்ளை லைட் தனியா போடுங்க, எங்க கருப்பு சரக்கு தெரிய ஆரம்பிச்சதுல பாதி பங்கு அந்த லைட்டுக்கு தான். எல்இடி டிரைவர் (லைட்டுக்கு கரண்டை மாத்தி குடுக்குற சின்ன பெட்டி) சூடாகும், அதை மூடுன பெட்டிக்குள்ள வைக்காம காத்து போற இடத்துல வைங்க.

படி 7: கொட்டேஷன்

மூணு பேர்கிட்ட வாங்குங்க. வாடகைக்கு வர்றது எது, உங்களுக்கே சொந்தமாகுறது எது, ரெண்டையும் தனித்தனி வரியா எழுதித் தர சொல்லுங்க. மொத்தமா ஒரு தொகை மட்டும் போட்டு குடுக்குறவங்ககிட்ட நான் போறதில்ல, ஏன்னா எக்ஸ்போ முடிஞ்சு உங்க கவுண்டரையும் சேத்து ஏத்திட்டு போயிட்டாங்கன்னா அப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல. 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா சேக்காமலான்னும் கேட்டுடுங்க.

செலவை இப்படி பாருங்க: கவுண்டர் 40,000 ரூபாய்னு வெச்சுக்குவோம், ஒரே ஒரு ஷோ போறவங்களுக்கு அது முழுசும் அந்த ஷோ தலைல தான் விழும், அவங்க வாடகைக்கு நல்ல கவுண்டர் கேக்குறதே மேல். நாலு ஷோ போனா ஒரு தடவைக்கு 10,000, கூட வண்டி வாடகை, வெக்கிற இடம், மைக்கா டச்சப். மூணு தடவையாவது எடுத்துட்டு போவோம்னு உறுதியா தெரிஞ்சா மட்டும் செய்ங்க.

உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன் (சிறு தொழில்னு மத்திய அரசுகிட்ட பண்ற பதிவு) இருக்க சின்ன யூனிட்டுக்கு ஸ்டால் வாடகைல ஒரு பங்கு திரும்ப கிடைக்குற மத்திய அரசு திட்டம் இருக்கு, பெண்கள் நடத்துற யூனிட்டுக்கும் எஸ்சி, எஸ்டி தொழில்முனைவோருக்கும் சலுகை அதிகம். ஸ்பேஸ் புக் பண்றதுக்கு முன்னாடியே கிண்டி எம்எஸ்எம்இ ஆபீஸ்ல போய் கேளுங்க.

படி 8: மாட்டுற அன்னிக்கும் கழட்டுற அன்னிக்கும்

பட்டறைலயே ஒரு தடவை முழுசா மாட்டி பாத்து ஃபோட்டோ எடுத்து, ஒவ்வொரு துண்டுக்கு பின்னாடியும் மார்க்கர்ல நம்பர் போட்டுடுங்க. ஹால்ல மாட்டும்போது சுத்தி அறுக்குற சத்தம், தூசி, ஆளாளுக்கு அவசரம், அங்க யோசிக்க நேரம் இருக்காது. ஃபேஷியா பட்டைல உங்க பேரு சரியா வந்திருக்கான்னு மொதல்ல பாருங்க, தப்பு இருந்தா அன்னிக்கு சாயங்காலமே மாத்திடலாம்.

கடைசி நாள் சாயங்காலம் ஷோ முடிஞ்ச உடனே கான்ட்ராக்டர் ஆளுங்க பேனலை கழட்ட வந்துடுவாங்க, அவங்க வேகம் அப்படி. நம்ம துணி பிரிண்ட், லைட்டு, கவுண்டர் எல்லாத்தையும் அவங்க வர்றதுக்கு முன்னாடி நாம எடுத்துடணும். பொருளை வெளிய எடுத்துட்டு போறதுக்கான கேட் பாஸ் மத்தியானமே வாங்கி பாக்கெட்ல வெச்சுக்கோங்க. போல்ட், நட், ஆலன் கீ எல்லாம் ஒரு ஜிப் பைல போட்டு, அந்த பையை டிராயருக்குள்ள வெச்சு டேப் அடிச்சிடுங்க, வண்டில தனியா போட்டா வீட்டுக்கு வந்து சேராது.