கேம் திக்குதா? கிராபிக்ஸ் கார்டு வாங்கறதுக்கு முன்னாடி இத பாருங்க

கேம் செட்டிங்ஸ்ல வி-சிங்க் (ஃப்ரேம் வேகத்த மானிட்டர் வேகத்தோட கட்டிப்போடறது), எஃப்பிஎஸ் லிமிட் (செகண்டுக்கு இத்தன ஃப்ரேம்தான்னு வைக்கற வரம்பு) ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு, கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு (கிராபிக்ஸ் கார்டோட சிப்) எத்தன சதவீதம் ஓடுதுன்னு பாருங்க, 95 சதவீதத்துக்கு மேலயே நின்னா கார்டுதான் பத்தல, 60லயே தூங்கிட்டு இருந்தா புது கார்டு போட்டும் பெருசா பிரயோஜனம் இல்ல, அனேகமா ப்ராசஸரோ ரேமோதான் இழுக்குது. ரேம் 8 ஜிபி ஒத்த ஸ்டிக்கா? அதே ஸ்பீடுல இன்னொன்னு போட்டு டூயல் சேனல் (ரெண்டு ஸ்டிக்கும் ஒரே நேரத்துல வேல செய்யறது) ஆக்கிடுங்க, நாலு ரேம் ஸ்லாட் இருக்கற மதர்போர்டுன்னா பெரும்பாலும் 2, 4ல சொருகணும். பி450 போர்டுல ஏஎம்டி ரைசன் 5 2600 ப்ராசஸர் வச்சிருந்தா ரைசன் 5 5600க்கு மாறலாம், போர்டு, டிடிஆர்4 ரேம் அப்படியே இருக்கட்டும் (கலர் லைட் போட்ட ஆர்ஜிபி ஃபேனெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் பாஸ்). ஆனா பழைய ப்ராசஸர் இருக்கும்போதே போர்டோட பயாஸ (கம்ப்யூட்டர ஸ்டார்ட் பண்ற சாஃப்ட்வேர்) அப்டேட் பண்ணிடுங்க, இல்லன்னா புது ப்ராசஸர போர்டுக்கு அடையாளம் தெரியாம டிஸ்ப்ளேயே வராம போயிடும்.