கும்பினியின் கணக்கேட்டைப் பின்தொடர்ந்து: சென்னை முதல் கயத்தாறு வரை ஒரு வாரப் பயணம்

விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் குடும்பங்கள் பல, மதுரையிலிருந்து திருநெல்வேலி போகும் வழியில் கயத்தாற்றில் வண்டியை நிறுத்தி, கட்டபொம்மன் சிலை முன் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகின்றன. வணிகம் செய்ய வந்தவர்களுக்கு ஒரு பாளையக்காரரைத் தூக்கிலிடும் அதிகாரம் எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், அதற்கான விடை கயத்தாற்றில் கிடைக்காது. அதைத் தேடிச் செல்ல விரும்புவோர் சென்னையில் தொடங்கி, கயத்தாற்றைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாள் காலையைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு ஒதுக்குங்கள். 1639-இல் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் அனுமதி பெற்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினி குடியேறிய கடற்கரை மணல்மேடு இதுதான். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ளேயே இயங்குவதால் வாயிலில் சோதனை உண்டு. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மத்திய தொல்லியல் துறையின் நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் பன்மடங்கு அதிகம், ஆனால் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை உள்ளவர்களும் இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் உள்நாட்டுக் கட்டணமே செலுத்தலாம் என்பதால், அந்த அட்டையை விடுதிப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வராதீர்கள்.

மாலையில் சேப்பாக்கம் செல்லுங்கள். மெரினாவுக்கு வருவோர் பெரும்பாலும் திரும்பிப் பார்க்காமல் கடந்துபோகும் சேப்பாக்கம் அரண்மனைதான், என் கருத்தில், இந்தப் பயணத்தின் மையம். ஆற்காட்டு நவாப் முகமது அலி 1768-இல் கட்டிய மாளிகை இது. நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிபைப் பிரெஞ்சுக்காரரும் முகமது அலியை ஆங்கிலேயரும் ஆதரித்தார்கள். 1751-இல் கும்பினிப் படைத்தலைவர் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்து முற்றுகையைத் தாங்கியது அந்தப் போட்டியின் நடுவில்தான். வென்ற நவாபின் கணக்கில் போர்ச்செலவு முழுவதையும் கும்பினி எழுதிவைத்தது. அதை அடைக்க அவர் கடன் வாங்கினார், அதுவும் பெரும்பாலும் கும்பினியின் ஊழியர்களிடமே, கடும் வட்டிக்கு. பகலில் கும்பினிக்குக் கணக்கு எழுதியவர்களே தம் சொந்தப் பணத்தை நவாபுக்குக் கொடுத்து, ஈடாகச் சீமைகளின் நிலவரியை எழுதி வாங்கிக்கொண்டார்கள். செங்கல்பட்டுச் சீமை 1763-இலேயே கும்பினிக்கு ஜாகீராக, அதாவது வரி வருவாயை அனுபவிக்கும் மானியமாக, போய்விட்டது. நவாபின் கடன் 1785-இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படும் அளவுக்குப் பெருத்தது. இன்று அரண்மனையில் அரசு அலுவலகங்கள் இயங்குவதால் சுற்றுலாப் பயணிகளுக்கு உள்ளே இடமில்லை. வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

ஆற்காட்டுக் கோட்டையில் இன்று பார்க்க இருப்பது தில்லி வாயில்தான். வேலூர்க் கோட்டைக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பார்க்கலாம், அதற்கென்று தனியாக ஒரு நாள் வேண்டாம்.

தஞ்சாவூருக்கு இரவு இரயிலில் சென்று ஒரு முழு நாள் தங்குங்கள். பெரிய கோயிலோடு திரும்பிவிடாமல் அரண்மனைக்கும் செல்லுங்கள். அங்கே பகுதிக்குப் பகுதி தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். நவாபுக்காகக் கும்பினிப் படை 1773-இல் இந்நகரைக் கைப்பற்றியது. 1776-இல் அரசர் துளஜாவிடம் அதைத் திருப்பிக் கொடுத்தபோது, தஞ்சை விளைச்சலின்மீது தமக்குக் கடன் உரிமை உண்டு என்று பால் பென்ஃபீல்டு என்ற கும்பினி ஊழியர் வழக்காடினார். அதை ஏற்க மறுத்த ஆளுநர் பிகாட்டை அவருடைய சொந்த ஆலோசனைச் சபையினரே சிறைப்படுத்தினார்கள். மறு ஆண்டு அவர் காவலிலேயே இறந்தார். கடன் கொடுத்தவர்களின் வலிமைக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. பிற்பாடு கும்பினியின் துணையோடு அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி, 1799 அக்டோபர் 25 ஒப்பந்தப்படி நாட்டின் நிர்வாகத்தைக் கொடுத்துவிட்டு, ஆண்டுக்கு 1 லட்சம் வராகன் பொன்னும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பெறுபவரானார். அவரது பளிங்குச் சிலை தர்பார் மண்டபத்தில் நிற்கிறது; அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம் அதே வளாகத்தில் இருக்கிறது.

இதன் பிறகு வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே வசதி. புதுக்கோட்டை, திருப்பத்தூர், காளையார்கோவில், இராமநாதபுரம், தூத்துக்குடி என்று இறங்குங்கள். திருப்பத்தூர் என்ற பெயரில் வடக்கே வேறொரு மாவட்டத் தலைநகரும் உண்டு. ஓட்டுநரிடம் சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்ட ஊர் அது. இராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான இராமலிங்க விலாசத்தைத் தவறவிடாதீர்கள். சேதுபதியைக் கும்பினி 1795-இல் பதவியிலிருந்து இறக்கிச் சிறைவைத்தது. 1798-இல் கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்ததும் அங்கேதான்.

கலெக்டருக்கு அங்கே என்ன வேலை என்பதற்கான விடை 1792 ஒப்பந்தத்தில் இருக்கிறது. பாளையக்காரர்களிடம் நேரடியாகக் கிஸ்தி எனும் வரியை வசூலிக்கும் உரிமையை நவாப் அதன்மூலம் கும்பினிக்குக் கொடுத்திருந்தார். நவாபுக்குச் சேர வேண்டியதைக் கேட்பதாகவே கும்பினி வந்தது. கொடுக்காதவர் கலகக்காரர் ஆனார்.

ஒட்டப்பிடாரத்தை அடுத்த பாஞ்சாலங்குறிச்சியில் இப்போது காண்பது 1974-இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. பழைய கோட்டையைக் கும்பினி இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டது. அங்கிருந்து கயத்தாற்றுக்கு மாலைக்குள் சென்றுவிடலாம். அங்கே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட நாள் 1799 அக்டோபர் 16. சரபோஜியின் ஒப்பந்தத் தேதிக்கும் அதற்கும் இடையே ஒன்பதே நாள்தான்.