பழைய மைப் பேனா வாங்கப் போகிறவர்களுக்கு: சண்டே மார்க்கெட்டில் பழகி, கண்காட்சியில் வாங்குங்கள்

பேனா கண்காட்சியில் ஒரு மேசைக்கு முன்னால் நிம்மதியாக நிற்கக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். அதற்குள் பின்னால் ஆள் வந்து நெருக்குவார். அந்த நேரத்தில் பேனாவின் பெயரைப் பார்த்து மயங்கிவிட்டால் மூடியில் இருக்கும் விரிசல் கண்ணில் படாது. அதனால் கண்காட்சிக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் கையைப் பழக்குங்கள். கடலூர்க்காரர்களுக்கும் அது 25 கி.மீ.க்குள்தான். துணிக்கடைகளைத் தாண்டி பழைய சாமான் விரித்திருக்கும் இடத்தில், சாவிக்கொத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவே எப்போதாவது ஒரு பேனா கிடக்கும். பெரும்பாலும் சீனத்து ஹீரோ பேனாவாகத்தான் இருக்கும். பரவாயில்லை, பார்க்கப் பழகுவதற்கு அது போதும்.

பையில் அதிகம் வேண்டாம். வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்குவாரே, அந்த மாதிரி 10 மடங்கு லென்ஸ் ஒன்று. விரல் நீளத்துக்கு டார்ச். 30 மி.லி. பாட்டிலில் தண்ணீர். துடைக்க பழைய வேட்டித் துணி. எப்போதும் எழுதும் அதே நோட்டு. நம்மூர்க்காரர்கள் பெருமையாக அரவிந்தர் ஆசிரமத்தில் கையால் செய்யும் தாளை எடுத்துப் போவதுண்டு. பேனா சோதிக்க அது ஆகாது. நார் நிப்பு நுனியில் சிக்கும், மை பரவும், குறை பேனாவில் என்று நினைத்துத் திரும்பி வருவீர்கள். பணம் ரொக்கமாகவும் இருக்கட்டும். கூட்டம் நிறைந்த ஹாலில் போன் சிக்னலை நம்ப முடியாது. கொண்டுபோகும் தொகையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்கென்று ஒதுக்கிவிட்டு மீதியில்தான் பேரம்.

மேசையில் இருக்கும் பேனாவைக் கேட்காமல் திறக்கக் கூடாது. "அண்ணே, கழட்டிப் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை. மையில் தோய்க்க இன்னொரு வார்த்தை. மூடியைப் பேனாவின் பின்பக்கம் செருகவே வேண்டாம். பழைய மூடிகளின் வாய் விரிவதும் உடலில் கீறல் விழுவதும் அதனால்தான்.

முதலில் மூடி. பழைய பேனாவில் விரிசல் அதிகம் விழும் இடம் மூடியின் வாய். நகத்தை விளிம்பில் ஒரு சுற்று ஓட்டுங்கள், தட்டினால் சந்தேகம். பிறகு டார்ச்சை மூடிக்குள் விட்டு வெளியே பாருங்கள். வண்ண பிளாஸ்டிக் என்றால் விரிசல் மயிரிழையாக ஒளிரும். கருப்பு எபோனைட்டில், அதாவது கெட்டி ரப்பரில், வெளிச்சம் ஊடுருவாது, அதை ஜன்னல் ஒளியில் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். கிளிப் அடியிலும் பாருங்கள். மூடியின் பக்கத்தில் சிறு துளை இருந்தால் பயப்பட வேண்டாம், பல பேனாக்களில் அது காற்றுத் துளை.

அடுத்து உடல். எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் பட்டால் கருப்பு மங்கிப் பழுப்பும் பச்சையும் கலந்த நிறமாகும். அது நோயல்ல, வயது. ஆனால் அறுபது எழுபது வருஷத்து எபோனைட் பளபளவென்று மின்னினால், பொறித்த எழுத்தை லென்ஸில் பாருங்கள். எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தால் யாரோ பாலீஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நிறத்தை மீட்கலாம், தேய்ந்த எழுத்தை மீட்க முடியாது.

நிப்பில் முதலில் பார்க்க வேண்டியது நுனி. இரண்டு பிரிவின் முனையிலும் உருண்டை இருக்கிறதா? ஒரு பக்கம் உதிர்ந்திருந்தால் புது உருண்டை ஒட்டவைப்பது பேனா விலையையே விழுங்கிவிடும். "ஐரிடியம் பாயிண்ட் ஜெர்மனி" என்று பொறித்திருந்தால் அது கம்பெனிப் பெயர் அல்ல, பேனாவும் ஜெர்மன் ஆகிவிடாது. பார்க்கர் உடலில் வெறும் "14 கேரட்" என்று மட்டும் போட்ட நிப்பு இருந்தால் மாற்றிப் போட்டதாக இருக்கலாம். அப்படியென்றால் விலை குறைய வேண்டும்.

தோய்த்து எழுத அனுமதித்தால் கையெழுத்துப் போட்டுப் பார்ப்பது வீண். கை பழகிய வேகத்தில் எந்த நிப்பும் ஓடும். 'ழ', 'ஞ', 'இ', 'ணை' என்று நிதானமாக எழுதுங்கள். நம் எழுத்தில் சுழிப்பு அதிகம், நிப்பு எல்லாத் திசையிலும் தள்ளப்படும். ஒரு திசையில் மட்டும் கீச்சிட்டால் பிரிவுகள் மட்டம் தவறியிருக்கின்றன. தடித்த நிப்பென்றால் 'ணை' சுழியெல்லாம் மையால் அடைந்துபோகும். தோய்த்து எழுதுவது நிப்பை மட்டும்தான் சோதிக்கும். மை ஓட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நிறையப் பணம் போவது மை ஏற்றும் அமைப்பில். உடலின் பக்கத்தில் இருக்கும் லீவரைத் தூக்கி மை ஏற்றும் பேனாவில், லீவர் அசையவில்லையென்றால் வலிந்து தூக்காதீர்கள். உள்ளே ரப்பர் ட்யூப் கல்லாகியிருக்கும். அழுத்தினால் லீவரோ உடலோ உடையும். ட்யூப் மாற்றுவது எளிது. அதன் எண் என்பது அங்குலத்தில் 64இல் எத்தனை பங்கு என்ற கணக்கு: 16ஆம் எண் என்றால் கால் அங்குலம். ஒட்டுவதற்கு ஷெல்லாக் என்ற அரக்குப் பசை மட்டும். ஃபெவிக்விக் போட்ட பேனாவை அடுத்த முறை யாராலும் பிரிக்க முடியாது.

நிப்பின் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மூக்கு மூடியிருக்கும் பார்க்கர் 51 எல்லாருக்கும் ஆசை. 1941இல் வந்தது, 1948இலிருந்து உலோக உறைக்குள் ட்யூப்பை அழுத்தி நிரப்பும் ஏரோமெட்ரிக் வகை. அந்த ட்யூப் ரப்பர் அல்ல, அதனால் பெரும்பாலும் இன்றும் வேலை செய்யும். உடலைக் கழட்டி, நிப்பு மூக்கைக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டையை அழுத்துங்கள். காற்று வந்தால் நல்லது. ஹீரோவும் இதே மூடிய மூக்கு உருவம்தான், அதனால் மூடியில் பொறித்திருப்பதை லென்ஸ் வைத்துப் படிக்காமல் பணம் எடுக்காதீர்கள். 1952இல் வந்த ஷேஃபர் ஸ்னார்கல், நிப்புக்கு அடியிலிருந்து குழாய் நீட்டும் வேடிக்கைப் பேனா. உள்ளே ட்யூப், ரப்பர் வளையங்கள் என்று மாற்ற வேண்டியவை பல. முதல் பேனாவாக வேண்டாம்.

நம் பக்கத்துக் கடைசல் எபோனைட் பேனாக்கள், ராஜமுந்திரி ரத்னம், சென்னை கேமா போன்றவை, பெரும்பாலும் ஃபில்லரால் உடலிலேயே மை ஊற்றும் வகை. பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. கழுத்து மரையைப் பாருங்கள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் ஊற்றி, மரையைச் சுற்றி டிஷ்யூ கட்டி, நிப்பு கீழாகப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். டிஷ்யூ நனைந்தால் மரையில் சிலிகான் கிரீஸ் துளி போதும். இந்தப் பேனாக்களில் மை கால்வாசிக்குக் கீழே போனால் கக்கும். கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ளுவதுதான் காரணம். நம்மூர் மே மாதத்தில் சொல்லவே வேண்டாம். பாதியானதும் நிரப்பிவிடுங்கள்.

காலையில் போனால் பொருள் கிடைக்கும், சாயங்காலம் போனால் விலை கிடைக்கும். ஒரே மேசையில் இரண்டு எடுத்தால் குறைத்துக் கேளுங்கள். இன்னொருவர் பேரம் பேசிக்கொண்டிருக்கும் பேனாவைப் பார்த்து விலை சொல்வது மட்டும் அசிங்கம்.

கழுவ 200 மி.லி. சாதாரணத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். நிப்பு மட்டும் மூழ்கும்படி ஓர் இரவு. உடலை ஊறவைக்காதீர்கள், வெந்நீர் கூடவே கூடாது. எபோனைட் ஒரே இரவில் நிறம் மாறும். முதல் மை ராயல் ப்ளூ, பிரில் ஆனாலும் கேம்லின் ஆனாலும் சரி. கடையில் "கருப்பு இங்க்" என்று கேட்டு டிராயிங் இங்க் வாங்கிவிடாதீர்கள், அது நிப்புக்கு அடியில் மை கொண்டுவரும் நாக்கில் காய்ந்து கெட்டியாகிவிடும்.

கடற்காற்றில் கிளிப்பும் லீவர் கம்பியும் துருப்பிடிக்கும், எனவே டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ரப்பர் பேண்ட் இல்லாமல் வையுங்கள். செல்லுலாய்டு என்ற பழங்காலப் பிளாஸ்டிக் பேனாவை மட்டும் மாதம் ஒரு முறை எடுத்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை இருந்தால் சரி. புளித்த நெடி வந்தாலோ, உள்ளே சின்னச் சின்ன வெடிப்பு தெரிந்தாலோ அன்றைக்கே தனியாகப் பிரித்துவிடுங்கள்; அதன் ஆவி பக்கத்துப் பேனாவின் கிளிப்பை அரித்துவிடும்.