அக்கறை என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

துரோகத்தாலும் பொய்யாலும் உறவுகள் முறிவது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவு தூரம் போகாமலேயே பல உறவுகள் உள்ளுக்குள் வற்றிவிடுகின்றன. காரணம் கேட்டால் இருவருக்கும் சொல்லத் தெரியாது. நல்லது செய்வதாக நினைத்தே அந்தத் தவறுகளைச் செய்திருப்பார்கள்.

முதல் இடம் அவசர அறிவுரைக்குத்தான். "இன்னைக்கு எல்லார் முன்னாடியும் மேனேஜர் கத்திட்டார்" என்று ஒருவர் சொல்கிறார். "நீ ரிப்போர்ட்டை நேத்தே அனுப்பியிருக்கணும்" என்று பதில் வருகிறது. சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் கேட்டது தீர்வு இல்லையே! "எல்லார் முன்னாடியுமா?" என்று கேட்டிருந்தாலே போதும், மீதியை அவரே கொட்டியிருப்பார். இப்படி நாலு முறை பாடம் கேட்டவர், ஐந்தாம் முறை வாயே திறக்க மாட்டார்.

துக்கத்தில் துணை நின்றால் போதும் என்று நினைப்பதும் தவறுதான். நல்ல செய்திக்கு நாம் எப்படிப் பதில் சொல்கிறோம் என்பதை உளவியலாளர் ஷெல்லி கேபிளும் சக ஆய்வாளர்களும் 2004இல் ஆராய்ந்தார்கள். ஆர்வத்தோடு விசாரிப்பவர்களின் உறவில் நெருக்கமும் நிறைவும் கூடுதலாக இருந்தன. "புரமோஷனா? அப்போ இனிமே தினமும் லேட்டாத்தான் வருவே" என்பது கெடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்லும் "ம்ம், நல்லது" என்பதும் நன்மை செய்வதாகத் தெரியவில்லை.

சின்ன விஷயங்களுக்கு அவ்வளவு மதிப்பா என்று கேட்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் 130 புதுமணத் தம்பதிகளைக் கவனித்து, ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் விசாரித்தார். "அந்தப் பறவையைப் பாரேன்" என்பது போன்ற சின்னச் சின்ன அழைப்புகளுக்கு, சேர்ந்து வாழ்ந்தவர்கள் 86 சதவீத முறை செவிசாய்த்திருந்தார்கள். பிரிந்தவர்களிடம் அது 33 சதவீதம்தான்.

சண்டை வேண்டாமே என்று வாயை மூடிக்கொள்வது இன்னொன்று. கோபத்தில் நெஞ்சு படபடக்கும்போது நிதானமாகப் பேச முடியாது. உடல் அடங்கவே குறைந்தது 20 நிமிடம் பிடிக்கும் என்கிறார் காட்மன். ஆகவே விலகிப் போவது சரிதான். சொல்லாமல் போவதுதான் பிரச்சினை. "அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும். சொன்னவரே வந்து பேச்சைத் தொடங்கவும் வேண்டும். நாள்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வது தண்டனை, அதைப் பொறுமை என்று அழைத்துக்கொள்ளக் கூடாது.

நம்பிச் சொன்ன விஷயத்தை 'உதவிக்காக' மூன்றாம் ஆளிடம் சொல்வது, "அவரே புரிஞ்சுக்கட்டும்" என்று ரகசியப் பரீட்சை வைப்பது, "சாரி, ஆனா நீயும்தான்..." என்று மன்னிப்பிலேயே குற்றம் சாட்டுவது. இவற்றை விளக்கவே வேண்டாம்.

நம்பிக்கையை உடைத்தவர் செய்யும் தவறு ஒன்று உண்டு: "அதான் மன்னிப்புக் கேட்டாச்சே, இன்னும் ஏன் கிளறுறே?" மன்னிப்புக் கேட்பவர் கெடு வைக்க முடியாது. அதே கேள்வி பத்து முறை வந்தாலும், பத்து முறையும் ஒரே உண்மையை எரிச்சலில்லாமல் சொல்ல வேண்டியிருக்கும்.

இவை எல்லாம் இருவரும் பயமின்றிப் பேசக்கூடிய உறவுகளுக்கு மட்டும். அடி, மிரட்டல், வேவு பார்த்தல் இருக்கும் இடத்தில் இன்னும் நன்றாகக் கேட்கப் பழகுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அங்கே முதலில் பாதுகாப்பும் வெளியார் உதவியும்தான் தேவை.