கொள்முதல் ஆளைக் கேட்காமல் ஆஃபர் போடாதீர்கள்

மண்டபம், பாம்பன், தொண்டி என்று நம் கடற்கரையில் மீனும் கருவாடும் ஆன்லைனில் விற்கும் சிறு நிறுவனங்களில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஏலத்தில் நின்று சரக்கு எடுக்கிற கொள்முதல் ஆள் ஒருவர். வாடிக்கையாளரிடம் பேசி ஆர்டர் பிடிக்கிற மார்க்கெட்டிங் ஆள் இன்னொருவர். இந்த இருவரும் பேசிக்கொள்ளாத இடத்தில்தான் பெரும்பாலான நஷ்டம் உண்டாகிறது.

முதல் தவறு, வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் சரக்கு தேடுவது. "ஞாயிறு ஸ்பெஷல் நண்டு, கிலோ இவ்வளவு" என்று வியாழக்கிழமையே மார்க்கெட்டிங் ஆள் போஸ்டர் போட்டுவிடுகிறார். ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. பாம்பனில் புயல் கூண்டு ஏறி, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை மீன்துறை நிறுத்திவிட்டால் அதுவும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தில் நாட்டுப்படகு கொண்டுவருவதுதான் வரத்து. இதெல்லாம் கொள்முதல் ஆளுக்கு மனப்பாடம். ஆனால் போஸ்டர் போடுமுன் அவரை யாரும் கேட்பதில்லை. கடைசியில் என்ன விலையானாலும் எடுத்தே ஆக வேண்டிய நிலையில் அவர் ஏலத்துக்குப் போகிறார். இவரால் விட்டுக்கொடுக்க முடியாது என்று மற்ற வியாபாரிகளுக்குத் தெரிந்துவிட்டால், ஏலத்தில் கேட்கும் விலை தானாக ஏறும்.

போஸ்டரில் ஒரே மீனின் பெயரைப் போடாமல் இரண்டு மூன்றைப் போடுங்கள். விலையை ஏலம் முடிந்த பிறகு அனுப்புங்கள். காரணத்தைச் சொன்னால் வாடிக்கையாளர் புரிந்துகொள்வார்; சொன்ன மீன் வராமல் போனால்தான் கோபப்படுவார்.

இதைவிடப் பெரிய தவறு, கொள்முதல் ஆளைக் கிலோ விலையை மட்டும் வைத்து எடைபோடுவது. நெத்திலிக் கருவாட்டைப் பாருங்கள். மணலில் பரப்பிக் காயவைத்தது விலை குறைவு. மேடை கட்டி வலைமேல் காயவைத்தது விலை கூடுதல். "குறைத்து வாங்கு" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவர் மணல் சரக்கைத்தான் எடுப்பார். அவர்மீது தப்பில்லை, அவருக்குக் கொடுத்த கணக்கு அப்படி. சரியாகக் காயாத சரக்கில் ஈரம் எடையாக நிற்கும். பாக்கெட்டுக்குள் அது பூஞ்சையாகும். திரும்பி வந்த பாக்கெட், கூரியர் செலவு, மறுபடி வராத வாடிக்கையாளர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எது மலிவு என்பது தெரியும்.

அந்தக் கணக்கு தெரிய வேண்டுமானால் புகார் சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டும். "மண் கடிக்குது", "உப்பு அதிகம்" என்று வாடிக்கையாளர் சொன்னால் மார்க்கெட்டிங் ஆள் மன்னிப்புக் கேட்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து விஷயத்தை முடித்துவிடுகிறார். அடுத்த வாரம் கொள்முதல் ஆள் அதே இடத்தில் அதே சரக்கை எடுக்கிறார். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பாக்கெட்டில் பேட்ச் எண் போட்டே ஆக வேண்டும். அந்த எண்ணுக்கு எதிரே எந்தக் கரை, யாரிடம் வாங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி, புகாரையும் அதே வரியில் எழுதுங்கள். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை.

லேபிளிலும் கவனம் வேண்டும். "நாட்டுப்படகு மீன்" என்று எழுதுமுன், எடுத்தது நாட்டுப்படகில்தானா என்று கொள்முதல் ஆளிடம் கேளுங்கள். கருவாட்டோடு ராமநாதபுரம் முண்டு மிளகாயும் விற்கிறவர்களுக்கு இன்னொன்று: அந்த மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த முத்திரையைப் போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும்.

தகவல் ஒரே திசையில் போவதும் தவறுதான். மார்க்கெட்டிங் எப்போதும் வஞ்சிரமும் இறாலும் கேட்கிறது. கரையில் சூடையும் சாளையும் குவிந்து விலை இறங்கிக் கிடக்கும் நாளில் கொள்முதல் ஆள் ஒரு போன் செய்தால், அன்றே குழம்பு செய்முறையோடு விற்றுவிடலாம். ருசியான மீன், வாங்குகிறவருக்கும் கட்டுப்படியான விலை. இப்படிக் கிடைக்கும் வாய்ப்பு வீணாவதுதான் எனக்கு அதிக வருத்தம்.

தடைக்காலத்துக்கான கருவாட்டு இருப்பை மார்ச் தொடக்கத்திலேயே இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். போன ஆண்டு ஏப்ரல், மே ஆர்டர் பட்டியலை மார்க்கெட்டிங் கொண்டுவரட்டும். எந்தக் கரையில் நல்ல சரக்கு காய்கிறது என்று கொள்முதல் சொல்லட்டும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் பேசத் தொடங்கினால், நல்ல சரக்கை மற்றவர்கள் முன்பணம் கொடுத்துப் பிடித்திருப்பார்கள்.